மிகைக் காற்று: மலையேறும் மோட்டார்ப் பொறிபற்றிய ஒரு பாடம்

காற்றில்லையேல் கனலில்லை. இவ்வுண்மையைக் கொல்லன் ஏட்டிலே படித்தறிந்தவன் அல்லன், கையினாலே கண்டறிந்தவன். உலையிலே கரியைக் கொட்டிவிட்டு அவன் வாளா இருப்பதில்லை. துருத்தியை இயக்கிக் காற்றை ஊதுகின்றான். கரியின் அளவு அதுவேயாயினும், காற்று மிகுந்தவிடத்து வெம்மையும் மிகுகின்றது. பழந்தமிழ்ப் புலவர் இக்கருவியை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 172ஆம் பாட்டிலே கச்சிப்பேட்டு நன்னாகையார், பல ஊர்களுக்குப் பொதுவாக உழைக்கும் ஒரு துருத்தியை, எல்லை காணாது வருந்தும் நெஞ்சுக்கு உவமையாக்கியுள்ளார். ஊதும் கருவிக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை அவ்வுவமை நமக்கு நினைவூட்டுகின்றது.

அத்தகைய துருத்தி ஒன்றை மோட்டார் வண்டியின் எஞ்சினிலே பொருத்துவதுபற்றி இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். ஆங்கிலத்தில் சுப்பர்சார்ஜர் என வழங்கும் அக்கருவியை ஈண்டு மிகையூதி என்போம். எஞ்சின் தானே இழுக்கும் அளவினும் மிகுதியான காற்றை ஊதிச் செலுத்துவதால் அப்பெயர் பொருத்தமுடைத்து.

தமிழ் படிப்பிப்போருக்கு எஞ்சினோடு என்ன உறவு என மாணவர் நகைக்கக்கூடும். உறவு உண்டு. தலவாக்கலைப் பக்கத்துக் கராஜ் ஒன்றிலே தொழில் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், எம்.ஜீ.பீ. என்னும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கென வந்த மிகையூதித் தொகுதியின் குறிப்பேட்டை எம்மிடம் கொணர்ந்து, அதனைத் தமிழிலே விளக்கித் தருமாறு கேட்டார். அவர் கைக்கு வேலை தெரியும். ஏட்டின் மொழியே தடையாயிற்று. எமக்கு மொழி தெரியும், வேலை தெரியாது. பௌதிகம் கற்பிக்கும் நண்பரையும் துணைக்கழைத்துக்கொண்டு, பல மாலைப்பொழுதுகளில் வரிவரியாக ஆராய்ந்ததன் பயனே இப்பாடம்.

மூச்சும் வலுவும்

எஞ்சினுக்கு வலுவைத் தருவது பெற்றோல் என்பர். அது பாதி உண்மையே. ஓர் இறாத்தல் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 இறாத்தல் காற்று வேண்டும். பெற்றோலை வேண்டியமட்டும் ஊற்றலாம். காற்றை அவ்வாறு ஊற்றுதல் இயலாது. உருளையினுள்ளே முசலம் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, வெளிக்காற்று தன் அமுக்கத்தால் உட்புகுகின்றது. கராஜிலே பிஸ்டன் எனப்படுவதே முசலம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அவ்வளவே எஞ்சினின் மூச்சு. அதன்மேலும் வலு வேண்டின் மூன்று வழிகளுண்டு: உருளையைப் பெரிதாக்கலாம், எஞ்சினை விரைந்து சுழற்றலாம், அன்றேல் காற்றை அமுக்கி உட்செலுத்தலாம். மூன்றாவது வழியே மிகையூதியின் வழி.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. மிகையூதி தானாக வலுவை உண்டாக்குவதில்லை. எஞ்சினின் சுழற்சியிலிருந்து பெல்ட் வழியாகச் சிறிது வலுவை வாங்கிக்கொண்டே வேலை செய்கின்றது. வாங்கிய கடனிலும் மிகுதியாகத் திருப்பித் தரும்போதே அதனாற் பயனுண்டு.

ஊதி வந்த வரலாறு

நம் மலைநாட்டார்க்குக் காற்றூதும் கருவி புதியதன்று. தேயிலை ஸ்டோரிலே கொழுந்து வாட்டும் தொட்டிகளின் அடியிற் காற்றைச் செலுத்தும் பெரிய விசிறிகளை நாம் கண்டிருக்கின்றோம். ஆயின் விசிறி வேறு, ஈண்டு கூறும் ஊதி வேறு. விசிறி காற்றை வீசுகின்றது. போகும் வழி அடைபட்டால் இதழ்கள் வெறிதே சுழலும். ரூட்ஸ் வகை ஊதியோ, ஒன்றையொன்று தொடாது நெருங்கிச் சுழலும் இரு சுழலிகளின் இடைவெளியிலே காற்றைச் சிறைப்பிடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த அளவாக அப்புறம் தள்ளுகின்றது. எஞ்சின் விழுங்குவதிலும் மிகுதியாக அது தள்ளினால், இடையிலுள்ள குழாயில் அமுக்கம் ஏறுகின்றது.

இவ்வூதியை ஆக்கியோர் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்துக் கொனர்ஸ்வில் நகரில் வாழ்ந்த பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்னும் உடன்பிறந்தோர். 1860இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். அக்காலத்தில் மோட்டார் வண்டி இல்லை; இரும்புருக்கும் உலைகளுக்குக் காற்றூதவே அது பயன்பட்டது. எனவே மிகையூதியைக் கொல்லன் துருத்தியின் வழித்தோன்றல் என்பது வெறும் உவமையன்று, வரலாறு.

வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் நின்று வண்டி பார்த்தோர் அனைவரும் இவ்வூதியின் துணையால் ஓடும் எஞ்சினைக் கண்டவர்களே. 1954 முதல் இலங்கைக்கு வந்து இம்மலைப்பாதையிலே நெடுங்காலம் உழைத்த எம்2 வகை டீசல் எஞ்சின்களுக்குக் காற்றூட்டுபவை ரூட்ஸ் ஊதிகளே. அவை இரண்டடிப்புப் பொறிகளாதலின், எரிந்த புகையை வெளித்தள்ளிப் புதுக்காற்றை நிரப்புதலே ஆங்கு ஊதியின் முதற்பணி.

ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகையூதி புகழ்பெற்ற காலம் 1920, 1930களாகும். எம்.ஜீ. நிறுவனத்தின் கே3 என்னும் வண்டி 1,087 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. எனினும் மிகையூதியின் வலுவால் 1933இல் அல்ஸ்டர் மாகாணத்தில் நடந்த டூரிஸ்ட் டிராபி ஓட்டத்தில், இத்தாலிய வீரர் நுவோலாரியின் கையிலே அது வெற்றி பெற்றது. இதற்கு மறுதலையான வரலாறும் உண்டு. பென்ட்லி நிறுவனத்தின் நாலரை லீற்றர் வண்டிக்கு அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் அமைத்த மிகையூதியைப் பூட்டவேண்டும் என்று ஓட்டவீரர் பேர்க்கின் வற்புறுத்தினார். நிறுவனத்தைத் தோற்றுவித்த டபிள்யு. ஓ. பென்ட்லி அதனை விரும்பவில்லை. பெரிய எஞ்சினே நன்று என்பது அவர் கொள்கை. 1930இல் லெ மான்ஸ் இருபத்துநாலு மணிநேர ஓட்டத்திலே மிகையூதி பூண்ட பென்ட்லிகள் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஊதியில்லாத பெரிய எஞ்சினுடைய பென்ட்லிகள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. ஊதி தவறென்பது இதன் பொருளன்று. மிகை மூச்சைத் தாங்குதற்கு உடல் முழுதும் ஆயத்தமாதல் வேண்டும் என்பதே பொருள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் எம்.ஜீ. டீ வரிசை வண்டிகளுக்கு ஷொரொக், மார்ஷல்-நோர்டெக் முதலிய ஊதிகளை வாங்கிப் பூட்டுதல் வழக்கமாயிற்று. இக்காலத்தில் எம்.ஜீ.பீ. வண்டிக்கென விற்கப்படும் தொகுதிகளிலே, ரூட்ஸ் வகையைச் சேர்ந்த ஈட்டன் எம்45 என்னும் ஊதி காணப்படுகின்றது.

மலைநாட்டுக் காற்று

வட்டகொடை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியா 6,100 அடிக்கு மேல். உயரம் ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைகின்றது. நியம வளிமண்டலக் கணக்கின்படி அது வட்டகொடையில் ஏறத்தாழ 12.5 இறாத்தல், நுவரெலியாவில் 11.7 இறாத்தல். அஃதாவது கொழும்பிலே நூறு பங்கு அமுக்கத்தோடு மூச்சு வாங்கும் எஞ்சின், இங்கே 85 பங்கோடும், நுவரெலியாவில் 80 பங்கோடுமே வாங்குகின்றது. மலைக்காற்றின் குளிர்ச்சி அக்குறையைச் சிறிது ஈடுசெய்யினும் முற்றும் தீர்ப்பதில்லை. நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேக நெடுநேரம் ஆவதும் இக்காரணம்பற்றியே.

1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை ஏற்றப்பந்தயமும், நமக்கு அண்மையிலுள்ள ரதல்லை ஏற்றப்பந்தயமும் எஞ்சினின் இக்குறையோடு போராடும் களங்களே. வானூர்தி செய்தோரும் இதே இடர்ப்பாட்டைக் கண்டனர். உலகப்போரில் ஸ்பிற்பயர் விமானத்தைச் செலுத்திய மெர்லின் எஞ்சினுக்கு மிகையூதி இன்றியமையாததாயிற்று. மேலே பறக்குந்தோறும் காற்று மெலிதாவதை ஊதியே ஈடுசெய்தது.

பொருத்தும் முறை

எம்.ஜீ.பீ. வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட அவ்வண்டியின் எஞ்சின் 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடையது. தொடக்கத்தில் அதன் கிராங் தண்டை மூன்று தாங்கிகள் தாங்கின. 1964இன் பிற்பகுதியிலிருந்து ஐந்து தாங்கிகள் தாங்கின. மிகையூதி பூட்டுவோர் ஐந்து தாங்கி எஞ்சினைத் தேர்தல் நன்று.

முதலாவது, எஞ்சினின் நலத்தை ஆராய்க. நான்கு உருளைகளின் நெருக்கத்தையும் அமுக்கமானியால் அளந்து, அவை ஏறத்தாழ ஒத்திருக்கின்றனவா எனக் காண்க. வளையம் தேய்ந்து எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்கு ஊதி பூட்டுதல், நோயாளியின் தலையிலே கொழுந்துக்கூடையை ஏற்றுவதை ஒக்கும்.

இரண்டாவது, ஊதியை இருத்துக. அதனைத் தாங்கும் சட்டம் அசைவற்றிருத்தல் வேண்டும். கிராங் தண்டின் கப்பியும் ஊதியின் கப்பியும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்க்க. நூலிழை விலகினும் பெல்ட் தேயும், தாங்கி சூடேறும். ஷொரொக் போன்ற பழைய ஊதிகளுக்கு எஞ்சின் எண்ணெயை நுண்துளை வழியாக ஊட்டவேண்டும். ஈட்டன் வகையின் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் அவ்வூதியினுள்ளேயே அடைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, காபரேற்றரை ஊதிக்கு முன்னே அமைத்தல் பெருவழக்கு. அவ்வாறமைத்தால் பெற்றோல் துளிகள் ஊதியினூடே சென்று ஆவியாகி, அமுக்கத்தாற் சூடேறிய காற்றைத் தணிக்கின்றன. காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பதைத் துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்த சிறுவரும் அறிவர். சூடேறிய காற்று விரிந்து தன் செறிவை இழப்பதால், ஊதியால் பெற்ற பயனில் ஒரு பகுதி வீணாகின்றது. இவ்வமைப்பில் ஊதிக்கும் எஞ்சினுக்கும் இடையே எரியத்தக்க கலவை நிறைந்திருப்பதால், பின்வெடிப்பு நேரின் அமுக்கத்தை வெளிவிடும் காப்பு வால்வு ஒன்று வேண்டும்.

நான்காவது, தீப்பொறியின் நேரத்தைத் தாழ்த்துக. செறிந்த கலவை விரைந்து எரியுமாதலின், பொறி சற்றுப் பிந்தியே பிறத்தல் வேண்டும். ஓர் இறாத்தல் மிகை அமுக்கத்துக்கு ஒரு பாகை பிந்துதல் என்பது தொழிலார் தொடக்கமாகக் கொள்ளும் பொதுவிதி. பிளக்கும் ஒருபடி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். நம் நாட்டிலே விற்கப்படும் 92, 95 ஒக்டேன் பெற்றோல்களுள் 95ஐயே ஊற்றுக.

ஐந்தாவது, வலுவைக் கூட்டுமுன் பிரேக்கைச் செப்பஞ்செய்க. ஏற்றத்திலே ஊதி துணைசெய்யும்; கினிகத்தேனை இறக்கத்திலே அது துணைக்கு வாராது.

கப்பிக் கணக்கு மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். நான்கடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தன் கொள்ளளவை நிரப்புவதால், எம்.ஜீ.பீ. எஞ்சின் ஒரு சுற்றுக்கு 899 கன சென்ரிமீற்றர் இழுக்கும். எம்45 ஊதி ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 737 கன சென்ரிமீற்றர் தள்ளும். அமுக்கத்தை 1.41 மடங்காக்க வேண்டின், ஊதி எஞ்சினைக் காட்டிலும் 1.72 மடங்கு விரைவாகச் சுழலவேண்டும். எஞ்சின் முழுக் கொள்ளளவையும் இழுப்பதில்லை, ஊதியிலும் கசிவுண்டு. ஆதலால் இது தொடக்கக் கணக்கே. முடிவு சொல்வது அமுக்கமானி. இவ்வளவும் செவ்வையாக அமைந்தால், வலு காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கூடுமென எதிர்பார்த்தல் நியாயம்.

கப்பியை மாற்றலாமா?

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். வேலை முடிந்து வண்டியை ஓட்டிப் பார்த்த நம் பழைய மாணவர், கவலையோடு எம்மிடம் வந்தார். “சேர், ஆறு இறாத்தல் காட்டவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இங்கே ஐந்துதான் காட்டுகிறது. பெல்ட்டும் வழுக்கவில்லை. சின்னக் கப்பி போட்டுவிடச் சொல்கிறார் கார்க்காரர். போடலாமா?” என்றார்.

வினா எளியது போலத் தோன்றும்; ஆயின் ஓர் எஞ்சினின் உயிர் அதிலே தொங்கியது. பௌதிக ஆசிரியர் கரும்பலகையிலே கணக்கை எழுதினார். அமுக்கமானி காட்டுவது முழு அமுக்கத்தையன்று. சுற்றியுள்ள காற்றினும் மிகுதியானதையே. குறிப்பேடு கடல் மட்டத்தை எண்ணி எழுதப்பட்டது. ஆங்கு 14.7உடன் 6 சேர 20.7, அஃது 1.41 மடங்கு. ஊதி தான் பெறும் காற்றை ஏறத்தாழ அதே மடங்காகவே பெருக்கும். வட்டகொடைக் காற்றோ 12.5, அதன் 1.41 மடங்கு 17.6. அதிலே 12.5ஐக் கழித்தால் எஞ்சுவது 5.1. எனவே மானியும் பொய் சொல்லவில்லை, பெல்ட்டும் வழுக்கவில்லை, ஊதியும் குறைபடவில்லை. காற்றே மெலிது.

சிறிய கப்பியைப் பூட்டி இங்கே ஆறு இறாத்தலைக் காட்டச்செய்தால் என்னாகும்? 12.5உடன் 6 சேர 18.5, அஃது 1.48 மடங்கு. அவ்வண்டி அட்டன், கித்துல்கலை, அவிசாவளை வழியாக இறங்கிக் கொழும்பை அடையும்போது, 14.7இன் 1.48 மடங்காகிய 21.8 இறாத்தல் உருளைக்குட் புகும். மானி ஏழைத் தாண்டும். அவ்வெஞ்சினின் நெருக்க விகிதம் 8.8. அதனை மிகை அமுக்கத்தின் மடங்காற் பெருக்கி ஒப்பிடுதல் தொழிலார் வழக்கம். அது துல்லியமான பௌதிகம் அன்றாயினும் அபாயத்தை உணர்த்தப் போதும். பழைய கப்பியோடு வட்டகொடையில் 10.5, கொழும்பில் 12.4. சிறிய கப்பியோடு வட்டகொடையில் 11.1, கொழும்பில் 13. அவ்வெண்ணிலே பெற்றோல் முறையாக எரியாமல் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். தட்டல் தொடரின் கஸ்கெட் பிளக்கும். முசலத்தின் தலையிலே துளை விழும்.

காபரேற்றருக்கும் இவ்விதியே. மெல்லிய காற்றிலே கலவையில் பெற்றோல் மிகுந்து காணப்படும். அதனைக் கண்டு இங்கே பெற்றோலைக் குறைத்து ஊசியை அமைத்தவர், கீழ்நாட்டின் செறிந்த காற்றிலே பெற்றோற் பஞ்சத்தோடு ஓடுவார். மிகை அமுக்கத்தோடு பெற்றோற் குறைவும் சேர்ந்தால் வெப்பம் எல்லை கடக்கும். ஆதலின் கப்பி, ஊசி, தீப்பொறி என்னும் மூன்றையும், அவ்வண்டி செல்லக்கூடிய மிகத் தாழ்ந்த இடத்தை எண்ணியே அமைத்தல் வேண்டும். கீழ்நாட்டுப் பயணம் மிகுதியாயின் 8 என்னும் தாழ்ந்த நெருக்க விகிதத்துக்குரிய முசலங்களை இடுதல் நன்று. அப்போது கொழும்பிலும் கணக்கு 11.3க்கு மேற்போகாது.

கணக்கைக் கண்ட கார்க்காரர் சிறிய கப்பியைக் கைவிட்டார். மலையிலே ஐந்து காட்டினும் அவ்வண்டிக்குக் குறையொன்றுமில்லை. 17.6 இறாத்தல் என்பது ஊதியற்ற வண்டி கொழும்பிலே பெறும் 14.7இனும் மிகுதியன்றோ!

முடிவுரை

கருவியின் வலுவை அது சுகமாக ஓடும் இடத்திலன்று, அதற்குப் பெருஞ்சுமை விழும் இடத்திலே அளத்தல் வேண்டும். இதுவே நாம் கண்ட பாடம். குறிப்பேட்டை எழுதியவர் பிழை எழுதவில்லை. அவர் நம் மலையை எண்ணி எழுதவில்லை. ஏட்டை இடத்தோடு பொருத்திப் பார்க்கும் பொறுப்பு படிப்பவனுடையது. அதற்கு ‘எவ்வாறு’ என்னும் கையறிவோடு ‘ஏன்’ என்னும் நூலறிவும் வேண்டும். அந்நூலறிவு அவனுக்கு விளங்கும் மொழியிலே கிடைத்தல் வேண்டும்.

நம் கல்லூரியிற் படித்துக் கராஜிலும், தேயிலை ஸ்டோரிலும், புகையிரதப் பகுதியிலும் தொழில் புரியும் பழைய மாணவர் பலராவர். அவர்கள் கையிலுள்ள அறிவில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களோடே ஓய்வுபெற்றுவிடும் நிலையில் உள்ளது. அவர்கள் ஆளுக்கு ஒரு கருவியைப்பற்றியேனும், தாம் கண்ட பழுதையும் தீர்த்த முறையையும் நான்கு பக்கங்களில் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அளிப்பார்களாக. நடை செம்மையாயிருக்க வேண்டுமென்று அஞ்சவேண்டா. அதனைத் திருத்தித் தர நாம் இருக்கின்றோம். மாணவர் அவற்றைப் படித்து, அங்குள்ள எண்களைத் தம் மலையின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. கல்லூரியின் விழாவாண்டிலே அதனினும் நற்காணிக்கை வேறு வேண்டுவதில்லை.